எச்பிஓ மேக்ஸ்: சிங்கப்பூர்த் தமிழ் வீட்டுக்கு இரண்டாவது சந்தாவாக இருக்கட்டும்

எச்பிஓ மேக்ஸ் காசு கொடுத்துப் பார்க்கத் தகுந்த இணையத் தொடர்ச் சேவை. ஆனால் தமிழ் பேசும் வீட்டுக்கு அது மட்டும் போதாது. நெட்ஃபிளிக்ஸையோ ஹாட்ஸ்டாரையோ நிறுத்திவிட்டு இதற்கு மாறலாமா என்று கேட்டால், வேண்டாம் என்போம். ஆண்டில் இரண்டு மூன்று மாதம், பார்க்க வேண்டிய தொடர்களைக் குறித்து வைத்துக்கொண்டு எடுத்து, பார்த்து முடித்ததும் நிறுத்திவிடுங்கள். அப்படிப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது கொடுத்த காசுக்கு மேலேயே தரும்.

செயலி நன்றாகத்தான் ஓடுகிறது, குறை அங்கே இல்லை. ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் கடல் கடந்து சொந்தக் கடை போடும்போது எதைக் கொண்டுவர முடிகிறது, எதை ஊரிலேயே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதில் எச்பிஓவின் நிலைமை மற்றவர்களைவிட எவ்வளவோ மேல். அது புரிய, வராதவர்களையும் வந்து போனவர்களையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான என்பிசியின் பீக்காக் சேவை 2020 ஜூலையில் அமெரிக்கா முழுவதும் வந்தது. அங்கே அதற்குச் சந்தா சேர்ப்பவை அமெரிக்கக் கால்பந்து, இங்கிலாந்து பிரிமியர் லீக், ஒலிம்பிக்ஸ் போன்ற நேரலைகள். இந்த உரிமைகள் எல்லாம் நாடு நாடாகத் தனித்தனியே விற்கப்படுபவை. சிங்கப்பூரில் பிரிமியர் லீக் 2022-23 பருவம் தொடங்கி 2027-28 வரை ஆறு பருவங்களுக்கு ஸ்டார்ஹப்பிடம் இருக்கிறது. பாரிஸ் 2024 ஒலிம்பிக்ஸை மீடியாகார்ப் கட்டணமில்லாமல் காட்டியது. இந்த இரண்டையும் கழித்துவிட்டால் பீக்காக்கிடம் மிஞ்சுவது பெரும்பாலும் இரவு நேரப் பேச்சு நிகழ்ச்சிகளும் பழைய நகைச்சுவைத் தொடர்களும். அவற்றிலும் பலவற்றை வெளிநாட்டுத் தளங்களுக்கு ஏற்கெனவே விற்றாயிற்று. அது இங்கே வராததில் வியப்பில்லை; வந்திருந்தால்தான் வியப்பு.

இன்னோர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான சிபிஎஸ் வேறு வழியில் போனது. 2014-இல் அமெரிக்காவில் தொடங்கிய தன் சேவையை 2018-இல் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கொண்டுபோனது. ஆஸ்திரேலியாவில் அதற்குக் கால் ஊன்ற இடம் இருந்தது, ஏனென்றால் அங்குள்ள நெட்வொர்க் டென் தொலைக்காட்சியை 2017-இலேயே வாங்கிப்போட்டிருந்தது. 2021 மார்ச்சில் இந்தச் சேவையின் பெயர் பாராமவுண்ட் பிளஸ் ஆயிற்று. அந்த ஆண்டு நவம்பரில் நடந்ததை வெளிநாட்டு ரசிகர்கள் இன்னும் மறக்கவில்லை. ‘ஸ்டார் டிரெக்: டிஸ்கவரி’ தொடர் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் வெளியே நெட்ஃபிளிக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. நான்காம் பருவம் வெளியாக இரண்டு நாள் இருக்கும்போது உரிமையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, நெட்ஃபிளிக்ஸிலிருந்து தொடரை எடுத்துவிட்டார்கள். பாராமவுண்ட் பிளஸ்ஸோ அப்போது பெரும்பாலான நாடுகளில் தொடங்கியிருக்கவே இல்லை. பழைய கடையை மூடிவிட்டுப் புதுக் கடைக்கு இடமே பார்க்காமல் இருந்தால் வாடிக்கையாளர் எங்கே போவார்? தென்கொரியாவில் பிறகு டிவிங் தளத்துக்குள், ஜப்பானில் வாவ்வாவ் வழியாக, என்று உள்ளூர்க்காரர்களின் தளத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டுதான் அது ஆசியாவுக்குள் வந்தது. சிங்கப்பூரில் அந்த அறைகூட இல்லை.

ஜப்பானில் ஹுலு கற்றுக்கொண்டது இன்னும் பழைய பாடம். என்பிசி, ஃபாக்ஸ், ஏபிசி ஆகிய நிறுவனங்களின் முதலாளிகள் சேர்ந்து நடத்திய ஹுலு, 2011 செப்டம்பரில் மாதம் 1,480 யென் என்று அங்கே கடை திறந்தது. அடுத்த ஆண்டே விலை 980 யென்னாக இறங்கியது. 2014-இல் அந்த நாட்டு வணிகத்தை நிப்பான் தொலைக்காட்சியிடம் விற்றுவிட்டார்கள். பெயர் அப்படியே இருக்க, உள்ளூர் நாடகங்களையும் கேளிக்கை நிகழ்ச்சிகளையும் ஜப்பானியர்கள் நிரப்பினார்கள். இன்றும் அந்தச் சேவை அங்கே நடக்கிறது. அமெரிக்கப் பெயர் பிழைத்தது, அமெரிக்க நிர்வாகம் பிழைக்கவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே ஹூக் என்ற இணையப் படச் சேவை இருந்தது. சிங்டெல், சோனி பிக்சர்ஸ், வார்னர் பிரதர்ஸ் மூவரும் சேர்ந்து 2015-இல் சிங்கப்பூரைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கியது. இரண்டு ஹாலிவுட் நிறுவனங்கள் பங்காளிகளாக இருந்தும் 2020 மார்ச்சில் கலைப்புக்கு விண்ணப்பித்து, ஏப்ரல் 30-ஆம் தேதி சேவையை நிறுத்தியது. படம் எடுக்கிறவர்களே நேரடியாக வாடிக்கையாளரிடம் போகத் தொடங்கிவிட்டார்கள், நிகழ்ச்சிகளின் விலையும் இறங்கவில்லை என்பது அது சொன்ன காரணங்களில் முக்கியமானது. பங்காளியாக இருந்த வார்னரின் இன்றைய சொந்தக் கடைதான் எச்பிஓ மேக்ஸ்.

எச்பிஓவுக்கு இங்கே ஒரு முன்கதை இருக்கிறது. 1992-இலிருந்தே எச்பிஓ ஏஷியா சிங்கப்பூரைத் தலைமையிடமாக வைத்து இயங்குகிறது. கேபிள் காலத்திலிருந்தே அதன் அலைவரிசைகள் ஸ்டார்ஹப், சிங்டெல் வீடுகளில் ஓடியவை. அதனால் தன் தொடர்களின் தென்கிழக்கு ஆசிய உரிமையைப் பிறருக்கு விற்க வேண்டிய கட்டாயம் அதற்கு வரவில்லை. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இத்தாலியிலும் ஸ்கை நிறுவனத்துக்கு நீண்டகால ஒப்பந்தத்தில் விற்றுவிட்டதால், 2025 முடியும்வரை அங்கெல்லாம் சொந்தச் சேவையைத் திறக்க முடியாமல் இருந்தது. சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, ஹாங்காங், தைவான் ஏழிலும் 2024 நவம்பர் 19 அன்று ஒரே நாளில் திறந்தது. முதலில் மேக்ஸ் என்ற பெயரில் வந்து, 2025 ஜூலை 9 முதல் எச்பிஓ மேக்ஸ் ஆனது. இந்தப் பெயர் மாற்றத்தை மனதார வரவேற்கிறோம். எச்பிஓ என்ற மூன்றெழுத்துக்கு இந்த வட்டாரத்தில் முப்பது ஆண்டுக்கு மேல் மதிப்பு இருக்கிறது. அதைத் தூக்கிவிட்டு ‘மேக்ஸ்’ என்று மட்டும் வைத்தது வீண் வேலை.

சிங்கப்பூர் அமெரிக்கச் சேவைக்குச் சுலபமான சந்தை என்பதற்கு 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே ஆதாரம் இருக்கிறது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடியிருப்பாளர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம். 2010-இல் அது 32.3 விழுக்காடு. குரல் மாற்றும் செலவு இல்லாமல் பாதி வீடுகளுக்குள் நுழைந்துவிடலாம். தமிழைச் சொன்னவர்கள் 2.5 விழுக்காட்டினர். ஒரு வணிகக் கணக்காளரின் கண்ணுக்கு இந்தச் சிறு எண் பெரிதாகத் தெரியாது என்பது கசப்பான உண்மை. ஆனால் நம் வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டியை அதிக நேரம் பார்ப்பவர்கள் யார் என்று பாருங்கள். பகல் முழுக்க வீட்டில் இருக்கும் தாத்தா, பாட்டி. அவர்களுக்கு இந்தச் சேவையில் ஒன்றும் இல்லை.

இதைச் சந்தா கட்டும் முன்பே சோதித்துக்கொள்ளலாம். எச்பிஓ மேக்ஸ் வைத்திருக்கும் நண்பர் வீட்டில் நீங்கள் பார்க்க நினைக்கும் தொடரை ஓடவிட்டு, திரையில் வரும் ஒலி, வசனவரிப் பொத்தானை அழுத்துங்கள். எந்தெந்த மொழி இருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். தமிழை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இந்தியாவில் எச்பிஓ தொடர்கள் சில தமிழ்க் குரலோடு வந்தது உண்மை. ஆனால் அவை அங்கே உரிமை வாங்கிய தளத்தின் வழியே வந்தவை. 2023 மார்ச் முடிவில் எச்பிஓ ஹாட்ஸ்டாரை விட்டு நீங்கி ஜியோசினிமாவுக்குப் போனது. 2025 பிப்ரவரியில் அந்த இரண்டும் ஜியோஹாட்ஸ்டாராக இணைந்தன. அங்கே போட்ட தமிழ் ஒலித்தடம் இங்குள்ள செயலிக்குத் தானாக வந்து சேராது. நெட்ஃபிளிக்ஸ் 2021-இலேயே ஒரு ஸ்பானியத் தொடருக்குத் தமிழ்க் குரல் கொடுத்தது. ஒரே தொடர், ஒரே கிடங்கு, எல்லா மொழியும் அதற்குள் என்ற அந்த ஏற்பாடுதான் நெட்ஃபிளிக்ஸின் உண்மையான பலம். நாடு நாடாகப் பிரித்து விற்றே பழகிய தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு அது இன்னும் கைவரவில்லை.

உள்ளூர்க் கதைகளிலும் எச்பிஓ ஏஷியா முயன்றிருக்கிறது. 2013-இல் ஆஸ்திரேலியாவின் ஏபிசியோடு சேர்ந்து, 1960களின் சிங்கப்பூரில் நடக்கும் ‘சிராங்கூன் ரோடு’ என்ற பத்துப் பகுதித் துப்பறியும் தொடரை எடுத்தது. நம் தேக்காவின் சாலையைப் பெயராக வைத்த அந்தத் தொடர் இரண்டாம் பருவம் காணவில்லை. தமிழ் நாடகம் வேண்டுமென்றால் வசந்தத்தின் நிகழ்ச்சிகள் மீவாட்சில் காசில்லாமலே கிடைக்கின்றன. தமிழகத் தொடர்களுக்கும் விஜய் டிவிக்கும் ஹாட்ஸ்டார். 2020 நவம்பரில் அது தனிச் சேவையாக இங்கே வந்தபோது ஆண்டுக்கு 69.98 வெள்ளி வைத்தது. நம் மக்களை நேரே குறிவைத்து விலை போட்ட சேவை அது.

இனி, எடுப்பது என்று முடிவு செய்தவர்களுக்கு.

திட்டங்களில் ஸ்டாண்டர்ட் முழு எச்டி படத்தையும் ஒரே நேரத்தில் இரண்டு கருவிகளையும் தரும். அல்டிமேட்டில் நான்கு கருவிகள், 4கே படம், டால்பி அட்மாஸ் ஒலி. அல்டிமேட்டுக்குக் கூடுதலாகக் கொடுப்பதற்கு முன் 4கே உங்கள் வீட்டில் உண்மையில் வருமா என்று பாருங்கள். தொலைக்காட்சிப் பெட்டி 4கேவாக இருந்தால் மட்டும் போதாது. மடிக்கணினியில் உலாவியைத் திறந்து எச்டிஎம்ஐ கம்பி வழியே பெட்டியில் பார்க்கிறவர்கள் 4கேயை மறந்துவிடலாம். பெட்டியிலேயே உள்ள செயலியோ, 4கே தாங்கும் ஸ்ட்ரீமிங் கருவியோ வேண்டும். இடையில் பழைய சவுண்ட்பாரோ ஆம்ப்ளிஃபயரோ இருந்து அது எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்புப் பாதுகாப்பை ஏற்கவில்லை என்றால், படம் சொல்லாமல் கொள்ளாமல் எச்டிக்கு இறங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் திரையில் வராது. சவுண்ட்பாரைக் கழற்றிவிட்டுக் கருவியை நேரே பெட்டியில் செருகிப் பார்த்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

4கேவுக்கு நொடிக்கு 25 மெகாபிட் நிலையாக வந்தால் ஓடும். சிங்கப்பூரில் ஃபைபர் இணைப்பு ஒரு கிகாபிட் என்பது சாதாரணம், அப்படியிருந்தும் படம் மங்கி மங்கித் தெளிகிறது என்று பலர் சொல்வதைக் கேட்கிறோம். காரணம் பெரும்பாலும் வீட்டின் கட்டமைப்பு. 1990களின் பிற்பகுதிக்குப் பிறகு கட்டிய வீவக வீடுகளில் பாதுகாப்பறை உண்டு. அதன் கான்கிரீட் சுவரும் இரும்புக் கதவும் வைஃபையை அப்படியே விழுங்கிவிடும். ஃபைபர் முனையும் ரூட்டரும் வாசல் பக்கத்துப் பெட்டியில், பாதுகாப்பறையை ஒட்டி இருக்கும். தொலைக்காட்சி அதற்கு மறுபுறம். ரூட்டரை அந்த இரும்புப் பெட்டிக்குள் அடைத்து வைத்திருந்தால் முதலில் வெளியே எடுங்கள். முடிந்தால் சுவரோரமாக ஒரு ஈதர்நெட் கம்பியை இழுத்துத் தொலைக்காட்சியில் செருகுங்கள். பல தொலைக்காட்சிகளின் ஈதர்நெட் துளை 100 மெகாபிட்தான், ஆனால் 25-க்கு அது தாராளம். கம்பி இழுக்க வழியில்லை என்றால் தொலைக்காட்சியை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இணையுங்கள். அதுவும் எட்டாவிட்டால் வைஃபையை எட்டச் செய்யும் மெஷ் கருவி ஒன்றைக் கூடத்தில் வையுங்கள். செயலியைக் குறை சொல்வது இதெல்லாம் செய்த பிறகு.

எச்பிஓவின் பெரிய தொடர்கள் அமெரிக்காவில் ஞாயிறு இரவு 9 மணிக்கு வருவது வழக்கம். நமக்கு அது திங்கள் காலை. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் நமக்கும் 12 மணி நேர வித்தியாசம், ஆகவே காலை 9 மணி. மற்ற மாதங்களில் 13 மணி நேரம், காலை 10. எல்லோரும் வேலையில் இருக்கும் நேரம் அது. மாலை வீடு திரும்பும் முன் சமூக ஊடகத்தைத் திறந்தால் முடிவு தெரிந்துவிடும். சூட்டோடு பார்க்க விரும்புகிறவர்கள் திங்கள் இரவை ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

வாராவாரம் ஒரு பகுதி வெளியிடும் இந்த முறை சந்தாவை இழுத்துப் பிடிக்கத்தான். எட்டுப் பகுதித் தொடருக்கு முதல் பகுதியிலிருந்து கடைசிப் பகுதி வரை 49 நாள், அதாவது இரண்டு மாதச் சந்தா. பத்துப் பகுதி என்றால் 63 நாள். ஒரு மாதத்தை 30 நாளாகக் கணக்கிட்டால் மூன்றாம் மாதத்துக்கும் காசு போகும். கடைசிப் பகுதி வெளியாகும் அன்று சந்தாவைத் தொடங்கினால் ஒரே மாதத்தில் முழுத் தொடரையும் பார்த்துவிடலாம். மிச்ச நாளில் இன்னொரு பழைய தொடரையும் முடிக்கலாம். பொறுமை இருக்கிறவர்களுக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. எச்பிஓவின் தொடர்களில் எம்18 (18 வயதுக்கு மேல்), ஆர்21 (21 வயதுக்கு மேல்) வகை நிறைய. ஆர்21 நிகழ்ச்சிகளை ரகசிய எண்ணால் பூட்டும் வசதி இருக்க வேண்டும் என்பது தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையத்தின் விதி. ஆனால் எம்18-க்கும் 16 வயதுக்கு மேற்பட்டோருக்கான என்சி16-க்கும் நீங்கள்தான் காவல். பிள்ளைக்குத் தனிச் சுயவிவரம் உண்டாக்கி வயது வரம்பை வையுங்கள். அதோடு நிறுத்தாமல் பெரியவர்களின் சுயவிவரத்துக்கும் ரகசிய எண் போடுங்கள். இந்த இரண்டாவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். பிள்ளையின் சுயவிவரம் எவ்வளவு பத்திரமாக இருந்தாலும், முகப்பில் அப்பாவின் படத்தைத் தொட்டால் எல்லாம் திறந்துவிடும்.

கட்டணத்தை மூன்று வழியில் கட்டலாம்: எச்பிஓ மேக்ஸ் தளத்தில் நேரடியாக, ஆப்பிள் அல்லது கூகிள் கடை வழியாக, தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தொகுப்பு வழியாக. எந்த வழியில் சேர்ந்தீர்களோ அந்த வழியில்தான் நிறுத்த முடியும். ஐபோனில் ஆப்பிள் வழியாகச் சேர்ந்துவிட்டு, தளத்துக்குப் போய் நிறுத்தும் பொத்தானைத் தேடினால் கிடைக்காது. செயலியை அழித்தாலும் பணம் போய்க்கொண்டே இருக்கும். தொகுப்பில் வருவது இலவசம் போலத் தெரியும். ஆனால் சலுகைக் காலம் முடியும் தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அதன் பின் வழக்கமான கட்டணம் தானாகவே மாதக் கட்டண ரசீதில் ஏறிவிடக்கூடும். தொகுப்பில் எந்தத் திட்டம் வருகிறது, 4கே உள்ளதா இல்லையா என்பதையும் கேட்டு உறுதி செய்யுங்கள். வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைகளுக்கும் 2020 ஜனவரி முதல் பொருள், சேவை வரி உண்டு. 2024 முதல் அது 9 விழுக்காடு. விளம்பரத்தில் காணும் விலையில் வரி அடங்கியதா என்று பார்த்துவிட்டு மற்றச் சேவைகளோடு ஒப்பிடுங்கள்.

ஜொகூர் பாருவுக்குப் போனால் சேவை ஓடும், மலேசியாவும் அதன் எல்லைக்குள் இருப்பதால். டிசம்பர் விடுமுறைக்குச் சென்னைக்கோ திருச்சிக்கோ போகிறவர்கள் கதை வேறு. இந்தியாவில் எச்பிஓ மேக்ஸ் இல்லை. இங்கே பதிவிறக்கி வைத்ததையும் அங்கே நம்ப வேண்டாம். அதோடு பதிவிறக்கிய பகுதி ஓடத் தொடங்கிய 48 மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். விமானத்தில் பார்க்கலாம், ஊரில் இறங்கிய பிறகு எதிர்பார்க்காதீர்கள். பயணம் கிளம்பும் முன்பே அடுத்த மாதத்தின் சந்தாவை நிறுத்திவிடுவது நல்லது.

ஆண்டுச் சந்தா மாதக் கணக்கில் மலிவு. ஆனாலும் இப்போதைக்கு மாதச் சந்தாவே எடுங்கள். 2025 டிசம்பரில் இதன் தாய் நிறுவனமான வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரியை வாங்க நெட்ஃபிளிக்ஸும் பாராமவுண்டும் போட்டி போட்டன. இப்படிக் கைமாறும் பேச்சு வரும்போது தொடர்கள் ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்வது சகஜம். அப்படி இல்லாத காலத்திலும், சிங்கப்பூரில் வைத்துச் சில காட்சிகள் எடுத்த ‘வெஸ்ட்வேர்ல்ட்’ தொடரை 2022 டிசம்பரில் எச்பிஓ தன் அமெரிக்கச் சேவையிலிருந்தே எடுத்துவிட்டது. சொந்தமாக எடுத்த தொடருக்கே அந்தக் கதி. எந்தத் தொடருக்காகச் சேருகிறீர்களோ, அது இன்றைக்கு இங்குள்ள பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு அட்டையின் எண்ணைத் தட்டுங்கள். அமெரிக்க இதழ்கள் போடும் ‘இந்த மாதம் என்ன பார்க்கலாம்’ பட்டியல் நம் நாட்டுப் பட்டியலோடு ஒத்துப்போவதில்லை.